கடவுள் காரணம் சொல்ல வேண்டியதில்லை

எங்கள் ஊர்ப் பக்கம் பங்காளிகளுக்குள் சிக்கல் வந்து பேச்சு முற்றிவிட்டால், குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே அளவில், ஒரே மாதிரி இலையில் மடித்தவை. சாமி காலடியில் போட்டுவிட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை எடுத்ததுதான் முடிவு. தோற்ற பங்காளிக்கு முகம் சுண்டிப்போகும். ஆனாலும் ஏன் என்று கேட்கமாட்டார். சாமி யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நானும் கும்பிடுகிறவள்தான். அந்த வழக்கத்தை ஒருநாளும் இளக்காரமாக நினைத்ததில்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடத்துவது என் தொழில். சாமி கும்பிடுகிற ஒருவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால், அவர் எழுதுகிற தீர்ப்பில் அந்தச் சாமிக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. 2024 அக்டோபரில் அது இன்னும் கூர்மையானது. அப்போது இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய். சந்திரசூட், புனே மாவட்டத்தில் தம் பூர்வீக ஊரான கன்ஹேர்சரில் பேசும்போது, அயோத்தி வழக்கு தம் முன் இருந்த காலத்தில் தெய்வத்தின் முன் அமர்ந்து, இதற்கு நீயே ஒரு வழி காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். தாம் நம்பிக்கை உள்ளவர் என்றும், நீதிபதி நாத்திகராக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு கேட்கவில்லை என்றும், தம் பேச்சுக்குக் கற்பிக்கப்பட்ட பொருள் தவறு என்றும் பிறகு விளக்கினார்.

அந்த விளக்கத்தில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியேற்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அச்சம், சார்பு, விருப்பு, வெறுப்பு இவை இல்லாமல் கடமை செய்வேன் என்றுதான் சொல்ல வேண்டும். பூசையறைக்குப் போய்விட்டு நீதிமன்றத்துக்கு வருகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. 2019 நவம்பர் 9 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக வழங்கிய அந்தத் தீர்ப்பு 1,045 பக்கம். எழுதியவர் யார் என்ற பெயர் அதில் இல்லை. நிலத்தின் உரிமையை நம்பிக்கையை வைத்துத் தீர்மானிக்க முடியாது, சாட்சியத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. அப்படி எழுதிய ஐவரில் ஒருவர், வழியைத் தெய்வத்திடம் கேட்டேன் என்று பின்னாளில் சொன்னால், தோற்ற தரப்பு எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும்? பக்கத்தில் இருப்பதை மறுத்து வாதாடலாம். தெய்வ சந்நிதியில் நடந்ததை எந்த வக்கீலாலும் மறுத்து வாதாட முடியாது.

நீதிபதியின் உள்ளே இருப்பது தீர்ப்புக்குள் வராமல் இருக்காது என்பதை உச்ச நீதிமன்றம் தன் சின்ன வயதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. சென்னை பாரிஸ்டர் வி.ஜி. ராவ் சார்ந்திருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று சென்னை மாநில அரசு அறிவித்தது. அந்த வழக்கில் 1952 மார்ச் 31 அன்று தீர்ப்பு எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி; அவரும் சென்னைக்காரர். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று அளக்கும்போது, அளக்கிற நீதிபதியின் சமூகப் பார்வையும் அவர் மதிக்கிற விழுமியங்களும் பெரும்பங்கு வகிப்பதைத் தவிர்க்க முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். அதற்கு அணையாக அவர் சொன்னது, பொறுப்புணர்வும் தன்னடக்கமும், இந்த அரசியலமைப்பு தன்னைப் போல நினைப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்ற நினைவும். எழுபது ஆண்டு தாண்டியும் இதைவிட நேர்மையான ஒரு பத்தியை நீதிபதிகள் தங்களைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை. என் ஜூனியர்களிடம் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான்.

மனசாட்சி உள்ளே இருக்கிறது, சரி. அது வெளியே எப்படி வர வேண்டும்? இந்த இடத்தில் எனக்கு நீதிபதி எச்.ஆர். கன்னாவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை.

நெருக்கடி நிலை. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் உள்ளே தள்ளப்பட்டவர்கள் நாடு முழுக்க ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதுதான் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. ஐந்து நீதிபதிகள். விசாரணையின்போது கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒன்று கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? என் வாதத்தின்படி கிடையாது என்றார் டே. அது உங்கள் மனசாட்சியை உலுக்கலாம், என்னுடையதையும் உலுக்குகிறது என்று சேர்த்தும் சொன்னார். வெறும் வாதத்துக்காகக் கேட்ட கேள்வி என்று இதை ஒதுக்க முடியாது. அதே காலத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டதைப் பின்னாளில் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது.

1976 ஏப்ரல் 28 அன்று நான்கு பேர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்: ஏ.என். ரே, எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. கன்னா மட்டும் மாறுபட்டார். தீர்ப்புக்கு முன் ஹரித்வாரில் கங்கைக் கரையில் தம் சகோதரியிடம், நான் எழுதி வைத்திருக்கிற தீர்ப்பு என் தலைமை நீதிபதி பதவியைப் பறித்துவிடும் என்று சொன்னதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பேக்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா பதவி விலகினார்.

கன்னா கங்கைக் கரைக்கு என்ன மனநிலையில் போனார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பாருங்கள். தீர்ப்பு ஏற்கெனவே தயார். அதன் விலை தெரியும். அந்த விலையைக் கொடுக்கும் தெம்பை மட்டும் ஒருவர் ஆற்றிடமோ ஆண்டவனிடமோ கேட்டிருந்தால் அதில் எந்தப் பிழையும் இல்லை. காரணங்கள் அவர் தீர்ப்பில் எழுத்தில் இருக்கின்றன: 21ஆவது பிரிவு எழுதப்படுவதற்கு முன்பும், சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவர் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு பறித்துவிட முடியாது. கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இதைப் படித்து ஏற்கலாம், எதிர்க்கலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று தள்ளியது. அதை எழுதியவர் அந்த நால்வரில் ஒருவரின் மகன், கன்ஹேர்சரில் பேசிய அதே டி.ஒய். சந்திரசூட். அப்பா எழுதியதை மகன் தள்ள முடிந்ததே, அப்பா காரணத்தை எழுதி வைத்திருந்ததால்தான்.

எழுதிய காரணத்துக்கு என்ன பலம் என்பதை நான் ஒரு கட்சிக்காரரிடம் கண்டேன். உசிலம்பட்டிப் பக்கத்து வயதான அம்மா, நடைபாதை வழக்கு. இரண்டாம் மேல்முறையீட்டிலும் தோற்றுப்போனது. எதிர்த்தரப்பு பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டது என்று ஊரில் சொல்லி அவரையும் நம்ப வைத்திருந்தார்கள். நகலை வாங்கிக் கையில் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கவில்லை.

“தோத்தது சரி வக்கீலம்மா. எதுக்குத் தோத்தேன்னு எழுதியிருக்காகளா?”

“எழுதியிருக்காங்கம்மா.”

“அதச் சொல்லுங்க.”

வளாகத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். பாகப்பிரிவினைப் பத்திரம் வரும் இடத்தில் நிறுத்தினார்.

“அப்ப எங்க மாமனார் எழுதுன பத்திரத்தப் பாத்திருக்காக.”

“பாத்திருக்காங்க. பதிவு பண்ணலைன்னு ஏத்துக்கல.”

“அது பதியலதான்” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நகலை வாங்கி மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் இல்லை. தீர்ப்பு சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் வாயில் ‘காசு’ என்ற பேச்சு வரவில்லை. தன்னை ஒரு மனுஷியாக மதித்து, தன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, ஏன் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒருவருடைய வீடு, வயல், விடுதலை, சில நேரம் உயிர் இவற்றில் இன்னொரு மனிதர் கைவைக்க என்ன உரிமை என்று தத்துவம் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒரே விடை, பதில் சொல்லக் கடமைப்பட்டவருக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு என்பது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, அந்த நீதிபதிகளை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் என் மனம் ஆறவில்லை.

அரசியலமைப்பின் 124ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் நீதிபதிகளைக் கலந்தாலோசித்து நியமிப்பார் என்கிறது. தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயம் என்று ஆக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து போன உறுப்பினர் பி. போக்கர் சாகிப் அரசியலமைப்பு அவையில் திருத்தம் கொண்டுவந்தார். 1949 மே 24 அன்று அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் நம்மைப் போல எல்லாக் குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உள்ள மனிதர்தானே, அவர் கையில் தடுப்பதிகாரத்தை எப்படி ஒப்படைப்பது என்பது அவர் கேள்வி. அதேபோல அரசின் கையில் மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மூத்தவர்களைத் தாண்டித் தலைமை நீதிபதியை நியமித்த 1973ம் 1977ம் சாட்சி. அந்தச் சூடு பட்ட நீதிமன்றம் 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் வழியாக நியமன அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. 1998இல் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் கொண்ட கொலீஜியம் உறுதியானது. நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16 அன்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாது என்றார்கள். அரசை வெளியே நிறுத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. சட்ட அமைச்சர் உட்கார்ந்திருக்கும் அறையில் இன்னொரு கன்னாவுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அந்த வழக்கில் மாறுபட்ட ஒரே நீதிபதி செலமேஸ்வர் எழுதியது இன்னும் பதில் பெறாமல் நிற்கிறது. தேர்வு நடந்த ஆவணங்களை மக்கள் மட்டுமல்ல, தலைமை நீதிபதி ஆகும் வாய்ப்புப் பெறாத சக நீதிபதிகள்கூடப் பார்க்க முடியாது என்று அவர் எழுதினார். மறு ஆண்டே, கூட்டத்தில் பேசுவதைப் பதிவு செய்யாதவரை வரமாட்டேன் என்று கொலீஜியம் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார்.

இங்கே மதுரையில் குண்டர் சட்ட வழக்கு ஒன்று வந்தால் நான் முதலில் எடுப்பது, காவலில் வைக்கப்பட்டவருக்குக் கொடுத்த புக்லெட். காவலுக்கான காரணங்கள் முழுவதும் அதில் இருக்க வேண்டும். அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஒரு முக்கிய ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லையென்றாலோ, ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருந்தாலோ, அந்தக் காரணத்துக்காகவே ஆட்சியர் போட்ட உத்தரவு ரத்தாவதை அடிக்கடி பார்க்கிறோம். சரியான சட்டம். ஊரே ரவுடி என்று சொல்கிற ஒருவருக்கும் காரணத்தை எழுத்தில் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கட்டிக் காத்தது உச்ச நீதிமன்றம்தான். அந்த நீதிமன்றத்தில் யார் உட்காரப் போகிறார், பட்டியலில் முன்னே இருந்த இன்னொருவர் ஏன் உட்காரவில்லை என்ற காரணம் மட்டும் நாட்டுக்குக் கிடையாதா?

2017 அக்டோபரில் கொலீஜியம் தன் தீர்மானங்களை வெளியிடத் தொடங்கியபோது கதவு திறந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். பல தீர்மானங்களில் பெயருக்கு மேல் அதிகம் இருப்பதில்லை. விதிவிலக்காக 2023 ஜனவரியில் ஒன்று வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவர், பிரதமரை விமர்சிக்கும் கட்டுரை ஒன்றைப் பகிர்ந்தார் என்று உளவுத்துறை அறிக்கை சொன்னது. அதனால் அவர் தகுதி குறைந்துவிடாது என்று கொலீஜியம் மீண்டும் அவர் பெயரையே அனுப்பியது. ஆட்சேபமும் பதிலும் ஒரே தாளில். அப்போதும் தலைமையில் இருந்தவர் சந்திரசூட். ஒரே மனிதரிடம் காரணத்தை நாட்டுக்கு முன் எடுத்து வைக்கும் தெம்பும் உண்டு, தெய்வத்திடம் ஒப்படைக்கும் பழக்கமும் உண்டு. நீதிபதியின் குணத்தை நம்பி மட்டும் ஒரு நீதிமன்றத்தை விட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். பரிந்துரைக்கப்பட்டவருக்கு நியமனம் வராமல் மாதங்கள் போயின. ஆனாலும் யார் தடுத்தார்கள், எதைச் சொல்லித் தடுத்தார்கள் என்று எங்கள் வக்கீல்கள் அறையில் இருந்த ஜூனியர் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது.

காரணத்தை வெளியிட்டால் ஒதுக்கப்பட்டவரின் பெயர் கெடும், அவர் நாளை எந்த முகத்தோடு வழக்கு நடத்துவார் என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது. ஒதுக்கப்பட்டவருக்கு அவர் காரணத்தை அவருக்கு மட்டும் எழுதி அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பற்றி நாட்டுக்குச் சொல்லலாம்: இவருடைய எந்தத் தீர்ப்புகளைப் படித்தோம், யாரிடம் விசாரித்தோம், அரசு என்ன ஆட்சேபம் சொன்னது, அதற்கு எங்கள் பதில் என்ன, ஐவரில் ஒருவர் உடன்படவில்லை என்றால் அவர் எழுதிய மறுப்பு என்ன. இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்த ஐந்து பேர் முடிவெடுத்தால், அன்று மாலையே செய்துவிடலாம்.