எதிர்நோக்கு எனும் நங்கூரம்

எல்லாம் விரைவில் சரியாகிவிடும் என்று எண்ணும் மனநிலை சூழலைச் சார்ந்தது. கிறிஸ்தவம் போற்றும் எதிர்நோக்கோ, அதாவது கடவுளின் வாக்குறுதி பொய்க்காது என்னும் உறுதியோடு காத்திருக்கும் பண்போ, சூழல் மாறாதபோதும் நிலைத்து நிற்பது. புதிய ஏற்பாட்டின் எபிரேயர் திருமுகம் இதனை நங்கூரமாக உருவகிக்க, உரோமையின் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் தங்கள் நிலத்தடிக் கல்லறைகளில் அந்த நங்கூரத்தையே அடையாளமாகப் பொறித்தனர். நங்கூரம் புயலை அடக்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தைப் பற்றிக்கொண்டு, கலம் அடித்துச் செல்லப்படாமல் காக்கிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில், துன்பத்தில் தொடங்கிப் பொறுமை, பக்குவம் ஆகியவற்றின் வழியே எதிர்நோக்கை அடையும் பாதையைத் திருத்தூதர் பவுல் காட்டுவதால், துன்பமும் எதிர்நோக்கு முதிரும் களமாகிறது. உயிர்ப்பின் ஞாயிறு, சிலுவையின் வெள்ளியைக் கடந்தே வந்தது. ஆகவே, எதிர்நோக்கு உடையோர் துயரை மறுப்பதுமில்லை, துயருக்கு அடிபணிவதுமில்லை. விடை கிடைக்கும் முன்பே இறைவேண்டலையும் பிறரன்பையும் இடைவிடாது தொடர்கின்றனர். அவ்வாறு தொடர்வதே அவர்களது நம்பிக்கைக்குச் சான்று.