எம்டனும் நாம் பட்ட கடனும்

தந்திரசாலி ஒருவனைக் கண்டால், "அவன் சரியான எம்டன்" என்கிறோம். பிரிஞ்சாங்கில் கடை வைத்திருக்கும் நமக்கும் அது பழகிய சொல்லே. அதன் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவார்களா?

எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைப் பீரங்கியால் தாக்கிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. ஈரிடத்தும் உயிர்கள் மாண்டன. அடித்தவன் பெயர் நம் நாவில் நிலைத்தது. மாண்டவர் பெயரோ மறைந்தது.

1941 டிசம்பர் 11ந் தேதி ஜப்பானிய விமானங்கள் பினாங்கில் குண்டு பொழிந்தன. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்களும் மடிந்தனர். அவர்களையும் அவ்வாறே மறந்துவிடலாமா?

பழைய பாக்கியைப் புதுப் பேரேட்டில் ஏற்றாத வியாபாரி உண்டா? நினைவும் அத்தகைய பாக்கியே. ஆனால் அதை எவர் பெயரில் எழுதுவது என்பதில் நிதானம் வேண்டும். குண்டு போட்டவனின் பேரன் நமக்குக் கடன்காரன் அல்லன். மாண்டவர்க்கு நாமே கடன்காரர்.

ஆகவே அன்பர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததைத் தேதியுடனும் பெயருடனும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பகையைச் சேர்க்காமல் சொல்லுங்கள். மாண்டவர்க்காக துஆச் செய்யவும் கற்றுக்கொடுங்கள்.