கேட்டுக் கொடுக்கும் அன்பு

ஒருவருக்கு நன்மையானது எல்லோருக்கும் நன்மையாகுமா? இக்கேள்வியைச் சிந்திக்க, நம் வீட்டு அலமாரியில் மீந்து கிடக்கும் மாத்திரை அட்டை ஒன்றே போதும்.

‘கோ-டிரைமாக்சசோல்’ என்னும் கூட்டு மருந்தை ‘செப்ட்ரான்’ என்ற வணிகப் பெயரால் பலர் அறிவர். சல்ஃபாமெதாக்சசோல் ஐந்து பங்கும் டிரைமெத்தோபிரிம் ஒரு பங்கும் சேர்ந்தது அது. நோய்க்கிருமிகள் தமக்கு வேண்டிய ஃபோலேட்டை ஆக்கிக்கொள்ளும் வழியில், அடுத்தடுத்த இரு படிகளை இவை அடைத்துவிடுகின்றன. 1960-களின் இறுதியிலிருந்து வழங்கிவரும் இம்மலிவான மருந்து, சிறுநீர்த் தொற்றைத் தீர்க்கிறது, எச்.ஐ.வி. தொற்றியவரின் நுரையீரலைக் காக்கிறது.

ஆயினும், சல்ஃபா ஒவ்வாதவருக்கு அதுவே தோலையும் வாய், கண் சவ்வுகளையும் கொப்புளமாக்கி உரித்துவிடலாம். 1922-இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் விவரித்த அந்நோய் அரிது. ஆனால் உயிரைப் பறிக்க வல்லது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்து பிறந்தவருக்குச் சிவப்பணுக்கள் சிதையலாம். கருவின் தொடக்க மாதங்களில் சிசுவுக்கு வேண்டிய ஃபோலேட்டின் பணி தடைப்படலாம். வார்ஃபரின் உண்பவருக்கு இரத்தப்போக்கு நேரலாம். மருந்து ஒன்றே, அதை ஏற்கும் உடல்கள் வேறு வேறு.

அடுத்த வீட்டுப் பெண் காய்ச்சலோடு வந்து நிற்கிறாள். “எனக்கு இதில்தான் கேட்டது, உனக்கும் கேட்கும்” என்று மீந்த மாத்திரைகளைக் கொடுக்கிறோம். கொடுக்கத் தூண்டியது அன்புதான். ஆனால் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதை நாம் கேட்கவில்லை. கூச்சத்தால் அவள் சொல்லவுமில்லை. தீங்கு நேர்ந்தபின், “நல்லெண்ணத்தோடுதானே கொடுத்தேன்” என்னும் சொல் நம் மனச்சான்றை விடுவிக்குமா?

அறியாமற் செய்தது குற்றமன்று என்பர். ஒரே கேள்வியால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமைக்கும் அது பொருந்துமா? பொருந்தாது என்றே தோன்றுகிறது. கேளாமற் கொடுப்பவர், எதிரே நிற்பவரிடத்தில் தம்மையே காண்கிறார்.

இக்கடமை மருத்துவருக்கும் உண்டு. சீட்டு எழுதுமுன் “முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா? இப்போது வேறென்ன உண்கிறீர்கள்?” என்று கேட்க அரை நிமிடம் போதும். நோயாளிக்கும் கடமை உண்டு: மறையாமற் சொல்வது, முன்பு தடிப்பு உண்டாக்கிய மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருப்பது.

இதற்கு அஞ்சி உதவாமலே இருந்துவிடலாமா? வேண்டாம். மாத்திரைக்குப் பதிலாக அவளோடு மருத்துவமனை வரை நடந்து செல்வோம். அதுவும் கொடைதான்.