ஏலாத காலம்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். இந்த ஊர்க் கடலோடிகள் அதை ஓட்டிப் போய் 1938 ஆகஸ்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாட்டன், பூட்டன்மாரின் அந்தத் துணிவை ஊர் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறது. சொல்லவும் வேண்டும். ஆனால் ஒருவர் திடமாய் இருந்த காலத்தை வியக்க நமக்கு ஒரு செலவும் இல்லை. கை நடுங்கி, பிறர் தயவில் இருக்கும்போது அவரை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் நம் மதிப்பின் தரம் தெரியும்.

இதே ஊர்ப் பார்வதி அம்மாள் 2010 ஏப்ரலில், எண்பது வயதை ஒட்டிய நிலையில், மருத்துவத்துக்காக மலேசியாவிலிருந்து விசாவோடு சென்னை வந்தார். விமானத்தை விட்டு இறங்க விடாமலே திருப்பி அனுப்பினார்கள். அவர் விடுதலைப் புலிகளின் தலைவராயிருந்த வேலுப்பிள்ளை பிரபாகரனின் தாய். 1991இல் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்ட காயம் இந்தியாவுக்கு உண்டு; ஒரு நாடு எச்சரிக்கையாக இருப்பதும் நியாயமே. அப்படியென்றால் ஆஸ்பத்திரி வாசலில் காவல் போட்டிருக்கலாம். நோயில் விழுந்த கிழவியிடம் மகனின் கணக்கைத் தீர்க்க எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. 2011 பெப்ரவரியில் அவர் வல்வெட்டித்துறையிலேயே கண்மூடினார்.

அரசைக் கண்டிப்பது எளிது. பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்ட வீடுகளைப் பார்ப்போம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, இடிந்த வீட்டை மறுபடி எழுப்பிய அம்மம்மா அங்கே தனியே இருக்கிறார். ‘எங்கட அம்மம்மா எதுக்கும் அசைய மாட்டா’ என்று பேரப்பிள்ளைகள் வீடியோவில் பெருமைப்படுகிறார்கள். அது உண்மைதான். அதைக் கேட்டபின், ‘எனக்கு ஏலாமக் கிடக்கு பிள்ளை’ என்று அவர் எப்படி வாய் திறப்பார்? முழங்கால் நோவை விழுங்கிக்கொண்டு, ‘நான் சுகமா இருக்கிறன்’ என்கிறார். மறுநாள் விடியவே கிளினிக் கொப்பியும் மருந்துப் பையுமாக மந்திகை ஆஸ்பத்திரிக்குத் தனியே பஸ் ஏறுகிறார். எந்தக் குளிசை எந்த நேரத்துக்கு என்று வரிசையில் நிற்கும் இன்னொரு கிழவியிடம் கேட்டுக்கொள்கிறார்.

காசு அனுப்பும் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்க வேண்டாம். பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அது. ஆனாலும் அவர் தாங்குவதைப் புகழும் நேரத்தில், தாங்க வேண்டியதைக் கொஞ்சம் குறைக்கலாம். இரவில் துணைக்குப் படுக்க அயலில் ஆள் பார்க்கலாம். கிளினிக் நாளுக்கு ஓட்டோ பேசி வைக்கலாம். ‘சுகமோ?’ என்பதோடு விடாமல், எங்கே நோகிறது என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம்.