ஒரு வயருக்கா இத்தனை பயம்?

"உனக்கெதுக்குப்பா இந்த வேலை?" இந்த ஒற்றைக் கேள்வி எத்தனை கைகளை மடக்கிப் போட்டிருக்கிறது!

என் கையும் மடங்கிக் கிடந்ததுதான். போன வருடம் ஒரு பௌர்ணமி இரவு, திருவண்ணாமலை செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே காரை உருட்டிக்கொண்டு வந்தேன். தப்பான பக்கத்தில் வந்த ஒரு பைக் நேராக என் பம்பரில் மோதிச் சரிந்தது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஐந்தே நிமிடத்தில் இருபது பேர் சூழ்ந்துவிட்டார்கள். "கார்க்காரர்தான் இடிச்சாரு, என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்தவர், சத்தம் கேட்ட பிறகுதான் டீ கிளாஸோடு கடையை விட்டே வெளியே வந்தார். நாலாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வீடு வந்தேன். பணம் போனது போகட்டும். உண்மை என் வாயில் செல்லாக்காசாகிப் போனதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் முன்னும் பின்னும் மாட்டுகிற டேஷ் கேமரா செட் ஒன்றை வாங்கினேன். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றதும் கடைக்காரர் சிரித்தார். "வயர் மாறிடுச்சுன்னா வண்டியே எரிஞ்சிடும் சார்."

இந்த வார்த்தைக்குத்தான் நாம் ஆயுள் முழுக்கக் கூலி கட்டிக்கொண்டிருக்கிறோம்! குழாய் ஒழுகினால் ஆள், மிக்ஸி நின்றால் ஆள், ஃபியூஸ் போனால் ஆள். தெரியாததால் பயப்படுகிறோமா, பயப்படுவதால் தெரியாமலே இருக்கிறோமா? கார் பேட்டரி வெறும் 12 வோல்ட். அந்தக் கேமரா இழுப்பது ஒரு செல்போன் சார்ஜர் இழுக்கிற அளவுதான். வயர் உரசினால் சூடேறும் என்பது நிஜம். அதற்காகத்தானே இடையில் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள்? தப்பு செய்யப் போகிறவனை மனதில் வைத்துக் கண்டுபிடித்த பொருள் அது. உங்களுக்காகவும் எனக்காகவும்!

ஞாயிற்றுக்கிழமை காலை, வேப்ப மர நிழலில் காரை நிறுத்தினேன். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமராவை ஒட்டினேன். வயரை ரூஃப் லைனிங் ஓரத்தில் விரலாலேயே செருகிக்கொண்டே வந்தால் ஓரத் தூண் வருகிறது. இங்கே மட்டும் நிதானம் தேவை. தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் வயர் அதற்குப் பின்புறமாகத்தான் போக வேண்டும். முன்னால் போனால், அது விரிகிற நேரத்தில் குறுக்கே நிற்கும். கதவு பீடிங்கை இழுத்து, உள்ளே வயரை வைத்து அமுக்கினால், போட்ட தடமே தெரியாது.

அடுத்தது ஃபியூஸ் பாக்ஸ். மூடியைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கியது, பொய் சொல்ல மாட்டேன். கையில் ஒரு டெஸ்ட் லாம்ப். அதன் கிளிப்பை பெயின்ட் படாத போல்ட்டில் மாட்டி, ஊசியை ஒவ்வொரு ஃபியூஸாக வைத்தேன். நான் தேடியது சாவி போட்டால் எரிகிற, எடுத்தால் அணைகிற ஃபியூஸ். ஏர்பேக், ஏபிஎஸ் பக்கம் போகவே இல்லை, நீங்களும் போகாதீர்கள். ஐந்தாவது ஃபியூஸில் பல்ப் எரிந்தது. சாவியை எடுத்தேன், அணைந்தது. 2668 அடி உச்சியில் தீபம் ஏறும்போது கை கூப்புகிற ஊர் எங்கள் ஊர். அன்று கைக்குள் எரிந்த அந்தக் கடுகு பல்பையும் கும்பிடாத குறைதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு இணைக்க, பத்து நிமிடம் ஆனது.

பின் கேமராதான் பழிவாங்கியது. டிக்கி கதவுக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் வயர் நுழையவே மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம். கடைக்காரரின் சிரிப்பு காதில் கேட்டது. விட்டுவிடலாமா?

1896-ல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் மதுரையிலிருந்து இந்த ஊருக்கு ரயிலேறினான். வழியில் காசு தீர்ந்தது. நடந்தான். காதுக் கடுக்கனை அடகு வைத்தான். திரும்பிப் போகவில்லை, செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் முன்னால் வந்து நின்றான். ரமணரை டிக்கி ரப்பரோடு சேர்த்துப் பேசுகிறாயே என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பாதி வழியில் நிற்கிற எவனுக்கும் இந்த ஊரில் அந்தப் பையன்தான் ஞாபகம் வருவான்.

"பாத்திரம் தேய்க்கிற லிக்விட்ல ரெண்டு சொட்டு விடுங்க" என்றாள் மனைவி. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் வயரைக் கட்டி, இரண்டு சொட்டு விட்டுத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் தலை நீட்டியது!

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்ததை உலகமே பார்த்தது, கார்க்காரர்களின் கேமரா வழியாக. விண்கல்லைப் பிடிக்கவா மாட்டினார்கள்? சாலைத் தகராறில் பொய்ச்சாட்சி ஜெயிக்கக் கூடாதென்று மாட்டினார்கள். நம் சாலையும் சாதாரணமானதில்லை. 2023 அக்டோபரில் மட்டும் செங்கம் அருகே இரண்டு கோர விபத்துகள். அதனால் ஒன்று சொல்கிறேன், மறக்காதீர்கள்: கேமராவில் தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நகலை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழும் கேட்கிறது. கேமரா உங்களுடையது, மாட்டியது நீங்கள், அதன் ஒவ்வொரு வயரும் உங்களுக்குத் தெரியும். அப்புறம் எந்த டீக்கடைச் சாட்சிக்கு நீங்கள் தலைகுனிய வேண்டும்?

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் ஒரு டப்பாவோடு வந்தாள். அப்பாவின் காருக்குக் கேமராவாம். "மாட்டித் தர்றீங்களா அங்கிள்?" என்றாள். டெஸ்ட் லாம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வண்டி எரிஞ்சிடாதே?" என்றாள். மூன்றாவது ஃபியூஸில் பல்ப் எரிந்தது. எங்கள் தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.