செவலையின் கண்

கௌதாரியைச் சுட்டால் அது பெரும்பாலும் விழுந்த இடத்தில் கிடக்காது. சிறகில் ரவை பட்டால் பறக்கத்தான் முடியாது, ஓடும். ஓடிப் போய் வேலிக்குள் நுழைந்து படுத்துவிடும். மண்ணும் அதுவும் ஒரே நிறம். மனுசக் கண்ணுக்கு அகப்படாது. அதற்குத்தான் நாய்.

எங்கள் செவலை கோம்பை நாய். உத்தமபாளையத்துக்கு மேற்கே கோம்பையில், அப்பாவின் பங்காளி வீட்டில் பிறந்த குட்டி. செம்பட்டை உடம்பு, கருத்த மூஞ்சி. பன்றியை மறிக்கிற சாதி அது. பறவையை நோகாமல் கவ்வி வர அப்பாதான் பழக்கினார். கந்தல் துணியில் கோழி இறகைச் சுற்றி எறிவார். பல் பதியாமல் கொண்டுவந்தால் ஒரு துண்டு கருவாடு. வீரபாண்டியில் முல்லையாற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல், மேட்டில் மானாவாரிச் சோளம், பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. காடை, கௌதாரியைச் சுடுவதற்கு அந்த லைசென்ஸ் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. நாங்கள் செய்தது குற்றம்தான். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

1983, தை மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. சோளம் அறுத்த காடு. அரிவாள் சரித்து இழுத்த அடித்தட்டை காய்ந்துவிட்டால் குத்தூசி மாதிரி நிற்கும். செருப்புப் போட்ட ஆளே பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். நாயோ முகத்தைத் தாழ்த்தி மோப்பத்திலேயே ஓடுகிறது. கட்டை நிற்கிற உயரமும் அதன் கண் போகிற உயரமும் ஒன்று. செவலை ஒரே தடவை வீறிட்டது. பிறகு சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிளுவை வேலிக்கு அடியிலிருந்து வந்தது. வாயில் கௌதாரி. இடது கண் இருந்த இடத்தில் ரத்தமும் ஒரு சோளச் சிராயும். எப்போதும்போல அப்பாவுக்குக் கை எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. அவர் கை நீட்டும்வரை வாயைத் திறக்கவில்லை.

கௌதாரியை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா நாயைத் தூக்கிக்கொண்டார். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பல்கூடப் பதியவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டுத் தைத்தார்கள்.

எங்கள் ஊர்க் கதையே கண்ணைப் பற்றியதுதான். பார்வை போன வீரபாண்டிய மன்னனுக்குக் கௌமாரியம்மன் ஒரு கண்ணையும் கண்ணீசுவரர் மறு கண்ணையும் கொடுத்தார்கள் என்பது தல வழக்கு. சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டியோடு ஆயிரங்கண் பானையும் எடுப்போம். செவலைக்காக வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதாக அப்பா நேர்ந்துகொண்டார். அப்பத்தா விடவில்லை.

“அவ குடுத்த கண்ணக் காட்டுல தொலைச்சுட்டு வந்து அவகிட்டயே கேக்குறியேப்பா. அந்தக் கௌதாரிக்கு யாரு நேந்துக்கிறது?”

“கண்ணப்பரும் வேட்டைக்காரர்தான ஆத்தா” என்றார் அப்பா.

அப்பத்தா அதற்குப் பதில் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக நான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணப்பர் தோண்டி அப்பியது தன்னுடைய கண்ணை. நாங்கள் கொடுத்தது செவலையுடையதை. இந்த வித்தியாசத்தை எந்தக் கண்மலரும் சரிக்கட்டாது என்பதே என் எண்ணம்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள். கொலையில் தான் செய்வது, பிறரைச் செய்விப்பது, செய்தவனுக்கு உடன்படுவது மூன்றையுமே சமணம் வினையாகக் கணக்கு வைக்கிறது. சுட்டவர் அப்பா. கவ்வச் சொல்லி ஏவியவரும் அவர். குழம்பை ருசித்துச் சாப்பிட்ட நான் மூன்றாவது ஆள். செவலையை எதில் சேர்ப்பது? அதற்கு அந்தப் பறவைமேல் பசி இல்லை, பகை இல்லை. ஆசையாகத்தானே ஓடியது என்பார்கள். அந்த ஆசையைக் கருவாட்டுத் துண்டு கொடுத்து வளர்த்தவர்கள் நாங்கள். நாங்களே ஊட்டிய ஆசையை அதன் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் நட்ட கல் ஒன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 949–950-ஐச் சேர்ந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட தக்கோலப் போரைச் சொல்லும் அதே கல்வெட்டு, காளி என்ற வேட்டை நாயையும் சொல்கிறது. போரில் வென்ற தரப்பின் மணலேரன் என்ற வீரன் தனக்குப் பரிசாகக் கேட்டு வாங்கிய நாய். பன்றிமேல் ஏவினார்கள், இரண்டும் ஒன்றையொன்று கொன்று செத்தன. நாய்க்குக் கல் நட்டு, நிலம் விட்டு, அந்தக் கல்லைப் பூசிக்காமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்றும் விதித்தார்கள். காளியை நினைத்து அழுதவர்கள் அவர்கள், அதில் பொய் இல்லை. ஆனால் எனக்கு முக்கியம், அந்தக் கல்லில் நாயோடு பன்றியையும் செதுக்கியிருப்பது. செத்தவை இரண்டு என்று அந்தச் சிற்பி கணக்குக் காட்டியிருக்கிறான்.

அப்பா கண்மலர் போட்டார். அதற்குப் பிறகு சுடப் போகவில்லை. செவலை இன்னும் ஆறு வருஷம் இருந்தது. இடப்பக்கம் யாராவது வந்தால் தலையை முழுசாகத் திருப்பிப் பார்க்கும். மழைக்காலம் முடிந்ததும் குழலில் துரு ஏறாமல் இருக்க அப்பா துப்பாக்கியை இறக்கி எண்ணெய் போடுவார். அந்த வாசனை வந்ததும் அது எழுந்து போய் வாசற்படியில் மேட்டுக்காட்டைப் பார்த்து நிற்கும், வாலை ஆட்டிக்கொண்டு. அப்பா திரும்பத் துப்பாக்கியை மாட்டிவிட்டு உள்ளே போன பிறகும் நின்றுகொண்டிருக்கும்.