அறிவற்றதன் நோக்கம்

அறிவற்ற பொருள் ஒரு பயனைக் குறித்துத் தானே இயங்குமா என்ற வினாவைச் சாங்கியரும் வேதாந்திகளும் பசுவின் பாலை முன்வைத்து வாதிட்டனர். கன்று வளர்வதற்காகப் பால் தானே சுரப்பதுபோல் மூலப்பகுதி, அதாவது உலகின் சடமான முதற்காரணம், புருடனின், அதாவது அறிவுடைய ஆன்மாவின், விடுதலைக்காக இயங்குகிறது என்று ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை கூற, பசுவின் அன்பும் கன்று உறிஞ்சுவதுமே பாலை வரவழைப்பதால் அங்கும் அறிவுடைய பொருளின் தொடர்பு உண்டு என்று பிரம்மசூத்திர உரையில் சங்கரர் மறுத்தார்.

அன்புக்கே இடமில்லாத ஓர் உயிரில் இவ்வழக்கு இன்னும் கூர்மையடைகிறது. ஐரோப்பாவில் குளம் வற்றிய சேற்றில் சில மில்லிமீட்டர் உயரமே வளரும் ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்னும் மாஸ், இலையுதிர்காலத்தில் பகல் குறுகிக் குளிர் கூடும்போது, ஆண் இனச்செல்களைத் தரும் ஆந்தரிடியங்களையும் அடுத்து முட்டையைத் தாங்கும் ஆர்க்கிகோனியங்களையும் தண்டு நுனியில் உருவாக்குகிறது. பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் வல்ல புரதங்களுக்குரிய மேட்ஸ்-பாக்ஸ் மரபணுக்கள் சில இக்கட்டத்தில் செயற்படுகின்றன. ஆய்வகத்தில் 15 பாகை செல்சியஸ் குளிரும் நாளுக்கு 8 மணி நேர ஒளியும் தந்தால் சித்திரையிலும் இவை தோன்றும். மாஸ் இணங்குவது பருவத்திற்கன்று, பருவத்தின் அடையாளத்திற்கே. வைக்கோல் அடைத்த தோற்கன்றைக் கண்டு பால் சொரியும் பசுவும் இதில் வேறுபட்டதன்று என்பதால், சங்கரரின் மறுப்பு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1961இல் காரணங்களை இரண்டாகப் பிரித்தார்: குளிர், ஒளி, மரபணு முதலியவை அண்மைக் காரணங்கள், ஏற்ற பருவத்தில் இனம் பெருக்கிய முன்னோரின் வழியே எஞ்சியது என்பது போன்ற வரலாறு இறுதிக் காரணம். பயனுக்கும் இடம் தருவதால் இப்பிரிவு சாங்கியருக்குச் சார்பாகத் தோன்றினும், அவர்கள் முன்னே வைத்த பயனை இது பின்னே, இறந்தகாலத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

அங்ஙனம் வைப்பது சரியே என்பதற்குக் கிரான்ஸ்டென் வகை சான்றாகிறது. 1962இல் இங்கிலாந்தின் கிரான்ஸ்டென் காட்டில் திரட்டப்பட்ட மாஸின் ஒற்றை வித்திலிருந்து வந்த இவ்வகை, பல பத்தாண்டுகள் திசுத் துண்டுகளாலேயே பெருக்கப்பட்டபின், ஆண் இனச்செல்கள் நீரில் நீந்துவதற்கான கசையிழைகள் பழுதுற்று, ஆண்வளத்தைப் பெரிதும் இழந்தது. ஆயினும் குளிரும் குறும்பகலும் வந்தால் அதன் ஆந்தரிடியங்கள் தவறாமல் திரள்கின்றன; பயன் நின்றுபோனதை அவற்றுக்கு உணர்த்தும் வழி ஏதுமில்லை. அருகிலேயே உருவாகும் அதன் முட்டைகளோ பழுதற்றவை. ஜெர்மனியில் ராய்ட்டெ என்னுமிடத்தில் திரட்டிய வகையின் ஆண் இனச்செல்கள் நீந்தி வந்தால் அம்முட்டைகள் கருவுறுகின்றன.